தாளிக்காத வீடு

ஷ்ரவ்யா ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துக்கொண்டு அறக்கட்டளைக் கூடத்தின் கடைசி மூலைக்குப் போனாள். அவள் அதை உரிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பழத்தின் வாசனை தங்கள் மூக்குக்கு வந்ததும் கையைத் தூக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

“திருட்டுத்தனமா யாரும் பாக்கக் கூடாதுங்க. அப்பாமாருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

குழந்தைகள் சிரித்தார்கள். கீதாவும் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்து, “வந்துருச்சு! எனக்கு வந்துருச்சு!” என்று யஷ்வந்த் கத்தினான். ஏழு வயதுப் பையன். தலையில் முடியில்லாததால் பெரிய தொப்பி ஒன்றைக் காது வரை இழுத்துவிட்டிருந்தான்.

“கத்தாதேரா நானா, கையைத் தூக்குனாப் போதும்” என்று அவன் அம்மா தெலுங்கு கலந்து அடக்கினாள்.

கண்ணைத் திறக்கச் சொன்னபோது கூடத்தில் இருந்த எல்லாக் கையும் மேலே இருந்தது. வாசலோரம் உட்கார்ந்திருந்தவர்களுடையதும்தான்.

“பழம் என் கையிலேயேதான் இருக்குது. நான் ஒரு அடி நகரலைங்க. அப்புறம் உங்க மூக்குக்கு வந்தது என்ன?” என்று கேட்டாள் ஷ்ரவ்யா. பதிலை அவளே சொன்னாள். சில நோய்கள் தொட்டால் ஒட்டும். கையைக் கழுவினால் போய்விடும். சில நோய்கள் இருமலில் தெறிக்கும். தெறித்தது கைக்கெட்டும் தூரத்திலேயே கீழே விழுந்துவிடும். தள்ளி நின்றால் தப்பிக்கலாம். சின்னம்மையோ இந்த ஆரஞ்சு வாசனை மாதிரி. அறைக்குள் ஒருவருக்கு இருந்தால் போதும், மூச்சு விடுகிற எல்லோரையும் தேடிப் போகும். அதைவிடப் பொல்லாதது இன்னொன்று. உடம்பில் முதல் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும்.

“நமக்கெல்லாம் வந்தா அரிக்கும், சொறிவோம், ரெண்டு வாரத்துல போயிரும். மருந்து ஏறிக்கிட்டிருக்கற குழந்தைக்கு வந்தா நுரையீரலுக்கு எறங்கிரும். அதனால முகாமுக்கு மூணு வாரம் இருக்கறப்பவே கல்யாணம், நோம்பி, கூட்டம் எதுக்கும் போக வேண்டாம். சின்னப் பசங்களோட ஒரம்பரை வர்ற சொந்தக்காரங்களையும் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடுங்க.”

கீதா தலையாட்டினாள். எல்லோரும்தான் ஆட்டினார்கள்.

புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காகக் கோயமுத்தூரில் இருக்கும் அந்த அறக்கட்டளை ஒவ்வொரு மே மாதமும் கோத்தகிரி மலைப்பாதையில் ஒரு தோட்டத்தில் முகாம் நடத்துகிறது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளும் முடித்த பிள்ளைகளும் அப்பா அம்மா இல்லாமல் ஐந்து நாள் அங்கே தங்குவார்கள். டாக்டரும் நர்சுகளும் கூடவே இருப்பார்கள். அதற்குக் குடும்பங்களைத் தயார்செய்வது ஷ்ரவ்யாவின் வேலை. முன்பு குழந்தைகள் வார்டில் நர்சாக இருந்தவள். பிள்ளைகளைத் தயார்செய்ய ஒரு மத்தியானம் போதும், பெற்றவர்களைத் தயார்செய்யத்தான் மாசக்கணக்காகிறது என்று சொல்வாள்.

அது ஏன் என்று யோசித்துப் பார்த்தால் புரியும். சிகிச்சை நடக்கும் காலத்தில் தாயின் கையே ஒரு கருவியாகிவிடுகிறது. நெற்றியில் உள்ளங்கையை வைத்த மாத்திரத்தில் தெர்மாமீட்டர் காட்டப்போகும் எண்ணை அது சொல்லிவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றும். பழத்தைத் தோல் சீவும். மாத்திரையைப் பாதியாக உடைக்கும். ராத்திரியில் தூக்கத்திலேயே நீண்டு பக்கத்தில் மூச்சு வருகிறதா என்று பார்க்கும். சிகிச்சை முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னால் காதுக்குக் கேட்கும், கைக்குக் கேட்காது. எனவே கையைப் பழக்க வேண்டும். படிப்படியாக. முதலில் பிள்ளை தானே குளித்து, தானே உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; அம்மா அறைக்கு வெளியே நிற்க வேண்டும். அடுத்தது வேறு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். கடைசியாக ஒரு ராத்திரி வேறு வீட்டில் படுத்து எழுந்து வர வேண்டும்.

கீதாவின் மகள் லோகப்பிரியா மூன்று படியையும் தாண்டிவிட்டாள். மாடி வீட்டு டீச்சர் வைத்த அரிசிம்பருப்புச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவர்கள் வீட்டிலேயே படுத்து, காலையில் பல் துலக்காமல் படியிறங்கி வந்து, “நல்லாத் தூங்கினேனுங்கம்மா. நீங்க?” என்றாள். “உங்கம்மா விடிய விடியக் கொசு அடிச்சா” என்றான் அவள் அப்பா கிருபாசங்கர். “நம்ம ஊட்டுல ஏதுங்கப்பா கொசு?” என்று கேட்டுவிட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

லோகப்பிரியாவுக்குப் பதினொரு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. போன ஆடியோடு சிகிச்சை முடிந்தது. இடையில் இரண்டு மே மாதங்கள் வந்து போயின. முதல் வருடம் அவளால் எழுந்து நடக்கவே முடியவில்லை. இரண்டாம் வருடம் பையெல்லாம் கட்டிவைத்த பிறகு ரத்தத்தில் வெள்ளையணு இறங்கிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது பதினாலு. முகாமுக்கு அதுதான் கடைசி வயது.

“அங்க யாரும் கேக்க மாட்டாங்கல்லங்கம்மா?” என்பாள் அடிக்கடி.

என்ன கேட்க மாட்டார்கள் என்று கீதா விசாரித்ததில்லை. பள்ளியில் கூடப் படித்தவர்கள் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இப்போதுள்ள வகுப்பில் எல்லாம் சின்னவர்கள். உனக்கு என்ன ஆச்சு, முடி நெஜ முடியா, தொட்டா ஒட்டுமா என்று கேட்கிறவர்கள். முகாமில் எல்லோருக்கும் அதே கதை. ஆகவே கேட்க ஒன்றுமில்லை.

கீதாவுக்கும் ஓர் ஆசை இருந்தது. யாரிடமும் சொல்லாத சின்ன ஆசை. இந்த மூன்று வருடத்தில் மகள் வீட்டை விட்டுப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். கூடவே கீதாவும் போனாள். ஆஸ்பத்திரி அல்லாத ஓர் இடத்துக்கு மகள் போக வேண்டும். வெயிலில் கருத்து, தொண்டை கட்டி, அழுக்குத் துணிப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். மற்ற அம்மாக்களோடு தானும் நின்று, “ஏன் இவ்வளவு நேரம்?” என்று அலுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது. கீழே கிருபாசங்கரின் மோட்டார் வைண்டிங் பட்டறை, மேலே வீடு, அதற்கும் மேலே டீச்சர் குடியிருந்தார்கள். முகாமுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்துக்குள் கார் ஒன்று வந்து நின்றது. கீதாவின் அண்ணன் திருமூர்த்தி இறங்கினார். அன்னூர்ப் பக்கம் வாழையும் மஞ்சளும் வைத்திருக்கிறவர். பின்னாலேயே அவர் மனைவி தட்டுகளோடு இறங்கினாள். கடைசியாக அவர்கள் மகன், எட்டு வயது சபரீஷ், ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினான்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்கண்ணா” என்றாள் கீதா.

“பண்ணுனா நீ வேண்டாங்குவே. அதனாலதான் பண்ணல.” திருமூர்த்தி தட்டுகளைக் கூடத்தில் வரிசையாக வைத்தார். பூ, பழம், இனிப்புக் கச்சாயம், பச்சைக் கரை போட்ட பட்டுப்பாவாடை. “மருமக மொதமொதலா வெளியூர் போறா. தாய்மாமன் சீரில்லாம அனுப்பிப்போடுவியா அம்மணி?”

ஷ்ரவ்யா சொன்னது கீதாவுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இந்தச் சீருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. லோகப்பிரியா பெரியவளானது வார்டில், மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கொங்குநாட்டில் அந்தச் சேதி போனதும் தாய்மாமன் வந்து பெண்ணை உட்காரவைக்க ஓலைக் குச்சு கட்ட வேண்டும். சீர் கொண்டுவர வேண்டும். பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட வேண்டும். திருமூர்த்தி அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். தொற்று வந்துவிடும் என்று உள்ளே விடவில்லை. புதுப்பாவாடையை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் “எம் மருமகளுக்கு நான் ஒண்ணுமே செய்யல” என்பார். அப்படிப்பட்டவரை வாசலில் நிறுத்தி, பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போங்கள் என்று எந்தத் தங்கச்சியால் சொல்ல முடியும்?

லோகப்பிரியா பட்டுப்பாவாடை கட்டி வந்து மாமனை விழுந்து கும்பிட்டாள். திருமூர்த்தி திருநீறு பூசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானம் முழுக்க அவளும் சபரீஷும் தலையோடு தலை முட்டக் கேரம் ஆடினார்கள். “அவுட்டுன்னா அவுட்டுதான், அத்தை பொண்ணாவது மச்சினியாவது” என்று அவன் வம்பு பண்ணினான். கச்சாயத்தை மட்டும் தொடவில்லை. வயிறு சரியில்லையாம். வெயிலில் கார் ஓடிவந்த களைப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கீதா அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தாள். எந்த நாள் பஸ் கிளம்புகிறது என்று சொல்லத்தான். நங்கை எடுத்தாள். அண்ணன் மனைவியை அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குரல் தணிந்து இருந்தது.

“என்னுங் நங்கை, சமையல் ஆச்சுங்களா?”

“தயிர்ச்சோறுதான் அம்மணி. இப்பத் தாளிக்கறதில்ல.”

இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது அம்மை கண்டிருந்தால் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள், பெயரும் சொல்லமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள். வந்தவள் குளிர்ந்து போக வேண்டும். ஆகவே எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். யாரையும் வா என்று கூப்பிடமாட்டார்கள், போகிறவரைப் போய்விட்டு வா என்று சொல்லவும்மாட்டார்கள். போன் போட்டு அறிவிப்பதும் மரியாதையில்லை.

“யாருக்குங்?”

“சின்னவனுக்கு.”

“எப்பங்க?”

“உங்க ஊட்டுல இருந்து வந்த ராத்திரியே மேலு கொதிச்சுது. திங்கக்கெழமை நெஞ்சுல ரெண்டு முத்து. இப்ப மேலெல்லாம்… நல்லபடியா எறங்கோணும் அம்மணி. தலைக்குத் தண்ணி ஊத்துனதும் நானே சொல்லலாம்னு இருந்தேன்.”

போனை வைத்த பிறகு கீதா விரல் மடக்கி நாளை எண்ணிப் பார்க்கவில்லை. தேவையிருக்கவில்லை. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே. ஷ்ரவ்யா சொன்னது அப்படியே காதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கேரம் போர்டின் மேல் இரண்டு தலையும் ஒரே மூச்சைத்தான் விட்டுக்கொண்டிருந்தன. தொற்றியது வெளியே தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். இனி மகளுக்கு வருமானால் முகாம் நாட்களில்தான் வரும். அவளுக்குக் கொப்புளம் தெரிவதற்கு முன்பே அவளிடமிருந்து மற்றவர்களுக்குப் போகும்.

கிருபாசங்கர் பட்டறையில் ஒரு போர்வெல் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அவளுக்கு ஒண்ணுமில்லையே?”

“இப்பத் தெரியாதுங்களே. வர்றதா இருந்தா முகாம் சமயத்துலதான் தெரியும்.”

“குழந்தையா இருக்கறப்ப தடுப்பூசி போட்டிருக்குதுல்ல?”

“போட்டதுதானுங்க. அதுக்கப்புறம் எத்தனை மருந்து ஏறியிருக்குது.”

அவனுக்கு அது புரியும். கருகிப்போன மோட்டாருக்குப் புதுச் சுற்றுப் போட வேண்டுமென்றால் பழைய கம்பியைச் சுட்டுத்தான் எடுக்க வேண்டும். சுடும்போது கருகிய பாகம் மட்டும் போவதில்லை. நன்றாக இருந்த வார்னிஷும் சேர்ந்தே போகும். புற்றுநோய் மருந்தும் அப்படித்தான் வேலை செய்கிறது. கெட்ட அணுக்களைக் கொல்லும்போது, தடுப்பூசி மூலம் உடம்பு கற்றுவைத்திருந்த பழைய பாடங்களையும் அழித்துவிடுகிறது. முழுதாக அழித்ததா, அரைகுறையாகவா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

“நீயும் நானும் சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?” என்றான் அவன், மோட்டாரைப் பார்த்தபடியே.

கீதா கீழே சிதறிக் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

“டாக்டரே சொன்னாரு, உம் பொண்ணு நல்லாருக்காள்னு. வராதுன்னே வெச்சுக்கோ. சொன்னா நிறுத்திப்போடுவாங்க. போன வருசம் அந்தப் பையைப் பிரிச்சு அடுக்குனது நீதானே? நெனப்பிருக்குதா? மூணு நாள் பேசல அவ.”

“இருக்குதுங்க.”

“அடுத்த வருசம் வயசாயிருச்சும்பாங்க. அப்ப என்ன பண்ணுவே?”

“அந்த யஷ்வந்த்தை நீங்க பாத்தீங்கல்ல?”

“அந்தப் பையங்கிட்டப் போகாதேன்னு சொல்லி அனுப்பலாம்.”

“எல்லாரும் ஒரே ஹால்லதானுங்க படுப்பாங்க.”

அவன் ஸ்பேனரை மேசைமேல் எறிந்தான். “எனக்குந் தெரியுதுடி. தெரியாமயா பேசறேன்?” பிறகு தணிந்த குரலில், “அவளுக்கு ஒண்ணே ஒண்ணாவது நடக்கட்டுமேன்னு பாத்தேன்” என்றான்.

கீதா மாடியேறிப் போனாள். உள்ளறையில் லோகப்பிரியா பையைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தாள். தன் துணிகளில் தன் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதிக் காயவைத்திருந்தாள். ஒவ்வொரு உள்பாவாடையிலும் பெரிய எழுத்தில். “தொலைஞ்சா யாருதுன்னு தெரியோணுமில்லீங்களா?” என்றாள்.

கீதாவுக்கு வார்டில் பார்த்த ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. முதல் வருடம், லோகப்பிரியாவின் ரத்த அணுக்கள் அடிமட்டத்தில் இருந்த வாரம். பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ உறவுக்காரி ஆப்பிள் பையோடு வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. “சும்மா வெயில் சளிங்க” என்று சிரித்தாள். நல்ல முகம். அடுத்த நாள் லோகப்பிரியாவுக்குக் காய்ச்சல் ஏறி, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கீதா அந்தப் பெண்ணைச் சபித்த சாபம் கொஞ்சநஞ்சமில்லை. உனக்குத் தெரியாதா, தெரிந்தும் எப்படி வந்தாய் என்று. அந்தப் பெண் என்ன நினைத்து வந்திருப்பாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தான் வந்திருப்பாள்.

மறுநாள் காலையில் ஷ்ரவ்யாவைப் போனில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். சீர், கேரம், தாளிக்காத வீடு.

“ஏனுங்க, கேக்குதுங்களா?”

“கேக்குதுங்க அக்கா.” ஷ்ரவ்யாவின் குரலில் திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. “எவ்வளவு நேரம் ஒண்ணா இருந்தாங்க? ஒரே ரூம்லயா? ஜன்னல் தெறந்திருந்துதுங்களா?” ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “இன்னிக்கே பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. ரத்தத்துல சின்னம்மைக்கு எதிர்ப்பு இருக்குதான்னு பாத்துரலாம். நெறைய இருந்துதுன்னா டாக்டர்கிட்ட நானே பேசறேன்” என்றாள்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கீதா மகளிடம் சொன்னாள். கோயமுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில், துடியலூர் தாண்டும்போது.

“சபரீஷுக்கா?” என்று முதலில் பதறினாள் லோகப்பிரியா. “பாவம், அவனுக்கு ரொம்ப அரிக்குமாங்க?” பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “அப்ப முகாம்?”

“ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க கண்ணு.”

“ஷ்ரவ்யா அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சுது? மாமா சொன்னாங்களா?”

“நான்தான் சொன்னேன்.”

மகள் கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊசி குத்தும்போதுகூட வாயைத் திறக்கவில்லை.

முடிவு ஒரு நாள் கழித்து வந்தது. எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் போதாது என்றார் டாக்டர். பழைய பாடத்தில் சில வரிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒருவேளை வராமலே போகலாம். வந்தால் இவளுக்கே கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். ஆகவே கிருமி பெருகாமல் தடுக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்று வாரம் வீட்டிலேயே இருக்கட்டும், தினமும் உடம்பைப் பாருங்கள் என்றார். முகாமைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றுமில்லை.

கிருபாசங்கர் அந்த மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சொல்லாம இருந்திருந்தா இதுவும் கெடச்சிருக்காது” என்றான். தன்னையே திட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது.

திருமூர்த்தி போன் செய்தார். ஆத்தா வீட்டில் இருக்கும்போது அவர் யாரையும் கூப்பிடுகிற ஆளில்லை. “நான் வந்திருக்கக் கூடாது அம்மணி” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

“வராம இருந்திருந்தா அதுக்குங் கோவிச்சிருப்பேனுங்கண்ணா.”

“மருமக என்ன சொல்றா?”

“பேசறதில்லீங்க.”

“எங்கிட்டயுமா?”

“யாருகிட்டயுந்தான்.”

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “பாவாடை மட்டும் நல்லா அமைஞ்சுதுல்ல?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

லோகப்பிரியா அழவில்லை. கட்டிவைத்த பையைப் பிரிக்கவும் விடவில்லை. அது கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஷ்ரவ்யா போனில் பேசும்போது மட்டும், “என் எடத்துக்கு யாருங்கக்கா வர்றாங்க?” என்று கேட்டாள். அந்தியூரிலிருந்து கவின் என்று ஒரு பையன், காத்திருந்தவர்களில் முதல் ஆள் என்றாள் ஷ்ரவ்யா. “அவனுக்கு எத்தனாவது வருசம்?” “இதுதான் மொதல்.” அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

பஸ் கிளம்பும் நாள் காலையில் ஷ்ரவ்யா கீதாவுக்கு ஒரு சேதி அனுப்பியிருந்தாள். உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறோம், நிறுத்த முடியாது, மெதுவாகப் போகச் சொல்கிறேன் என்று. கீதா அதை மகளிடம் படித்துக் காட்டினாள். “நான் வரல” என்று மகள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

கீதா தனியாக மொட்டைமாடிக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் சந்தின் முனையில் ரோட்டின் ஒரு துண்டு தெரியும். லாரிகள் போயின. ஊட்டிக்குப் போகும் கார்கள் தலையில் மூட்டைகளோடு போயின. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மகள் போய்விடுவாள் என்று பயந்தாள்.

நீல நிறப் பஸ் சொன்னபடியே மெதுவாக வந்தது. ஜன்னலோரம் முழுக்கச் சின்னச் சின்னக் கைகள். யார் யாருடையது என்று தெரியவில்லை. காதுவரை இழுத்துவிட்ட பெரிய தொப்பி ஒன்று மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தார். அந்தத் துண்டு ரோட்டைக் கடக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கடந்துவிட்டது. ஹாரன் மட்டும் மேட்டுப்பாளையம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

“பாட்டுப் பாடுனாங்களாங்கம்மா?” பின்னாலிருந்து கேட்டாள் லோகப்பிரியா.

“பாடுன மாதிரிதான் இருந்துச்சு கண்ணு. சரியாக் கேக்கல.”

“எனக்குக் கேட்டுச்சு” என்றாள் அவள். இறங்கிப் போய்விட்டாள்.

அந்த ஐந்து நாளும் வீட்டில் யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மழை தூறினால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வடக்குப் பக்கம் பார்த்தார்கள். சாயங்காலமானால் கீதா டார்ச்சை எடுத்துக்கொண்டு மகளின் முதுகைப் பார்ப்பாள். சின்னம்மை முதலில் நெஞ்சிலும் முதுகிலும்தான் வரும். சிவந்த புள்ளி, பிறகு அதன்மேல் பனித்துளி மாதிரி ஒரு நீர்முத்து. முதுகை அவளால் தானே பார்த்துக்கொள்ள முடியாது. அதற்கு மட்டும் அம்மாவிடம் வந்தாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

ஒருநாள் கீதா ஒரு எறும்புக்கடியை முத்து என்றே நினைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், பயந்த அதே நொடியில் அவளுக்குள் ஏதோ ஒன்று வந்துவிடட்டும் என்றும் நினைத்தது. வந்துவிட்டால் நிறுத்தியது சரியென்று ஆகிவிடும். அடுத்த நொடி தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். காலையில் பார்த்தபோது எறும்புக்கடி அமுங்கியிருந்தது.

மே முடிந்தது. மூன்று வாரத்தின் கடைசி நாளும் வந்தது. சபரீஷுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்து, நங்கை வீட்டில் கடுகு தாளித்தாயிற்று. யஷ்வந்த் நன்றாக இருக்கிறான் என்று ஷ்ரவ்யா சொல்லியிருந்தாள். கவினும் நன்றாக இருக்கிறானாம். வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பஸ்ஸில் அழுதானாம்.

அன்றைக்கு லோகப்பிரியா கூப்பிடாமலே வந்து திரும்பி நின்றாள். கீதா டார்ச்சைப் பிடித்துக் கழுத்திலிருந்து இடுப்பு வரை பார்த்தாள். எலும்பு தெரிந்த முதுகில் இப்போது கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஒரு புள்ளியும் இல்லை. மறுபடியும் ஒருமுறை பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு.”

“இனி வராதுங்களா?”

“வராது. அவ்வளவுதான், முடிஞ்சுது.”

லோகப்பிரியா சட்டையை இறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

“அப்ப நான் போயிருந்திருக்கலாம்.”

கீதாவிடம் பதில் இருந்தது. எதிர்ப்பு அரைகுறையாக இருக்கும்போது முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்றும், மாத்திரையால்தான் வராமல் இருந்திருக்கலாம் என்றும், வராமல் போன நோயை யாருக்கும் காட்ட முடியாது என்றும் டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் வரிசையாக மனசில் அடுக்கிவைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கென்றே அடுக்கிவைத்தது. மகள் நின்ற நிலையைப் பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள்.

“ஆமா கண்ணு” என்றாள். “போயிருந்திருக்கலாம்.”

லோகப்பிரியாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. மூன்று வாரமாக வராத அழுகை. கீதா அவளைத் திருப்பவில்லை. பின்னாலிருந்தே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. கீழே பட்டறையில் ஏதோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. கிருபாசங்கர் படியேறி வந்து, கதவருகிலேயே நின்றுவிட்டான்.